தன் மீதே சாய்ந்து நிற்கும் மென்பொருள்: வட்டச் சார்புகளைக் கண்டுபிடிப்பது எப்படி?

இலங்கையின் ரயில் நிலையங்களில் மிக உயரத்தில் இருப்பது பட்டிப்பொல. கடல் மட்டத்திலிருந்து 1,890 மீற்றருக்கு மேல். எனது ஊர் அதுதான். நானுஓயாவிலிருந்து வரும் ரயில் இங்கே வரை ஏறும். பட்டிப்பொலயைத் தாண்டிச் சுரங்கப்பாதையைக் கடந்ததும் ஒஹிய பக்கமாக இறங்கத் தொடங்கும். அருகிலுள்ள ஹோர்ட்டன் சமவெளியில் ஊறும் நீர் மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் போய்ச் சேருகிறது. எந்தப் பக்கம் ஓடினாலும் நீருக்கு ஒரே விதிதான்: மேலிருந்து கீழே. கீழே போன ஓடை சுற்றி வந்து தன் ஊற்றுக்கே நீர் கொடுக்கிறது என்று யாராவது சொன்னால் நாம் நம்பமாட்டோம்.

நான் மென்பொருள் எழுதும் தொழிலில் இருக்கிறேன். நல்ல மென்பொருளுக்கும் இதே விதி பொருந்தும். ஆனால் நீரைத் தடுக்கப் புவியீர்ப்பு இருப்பதுபோல, மென்பொருளைத் தடுக்க இயற்கையில் எதுவும் இல்லை. பலர் சேர்ந்து சில ஆண்டுகள் எழுதிய எந்தப் பெரிய மென்பொருளைத் திறந்தாலும், கீழே போன ஓடை மேலே திரும்பி வரும் இடங்கள் இருக்கும். இதைத்தான் வட்டச் சார்பு என்கிறோம். அது எப்படி உருவாகிறது, ஏன் ஆபத்தானது, எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைக் கணினி படிக்காதவருக்கும் விளங்கும்படி சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

நமக்குத் தெரிந்த வட்டம்

மலையகத்தவருக்கு வட்டச் சார்பு புதிய விடயமல்ல. லயன் அறைகளுக்குத் தனித்தனி முகவரி இருக்கவில்லை. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கே வந்தன. ஒரு விண்ணப்பத்துக்கு வதிவிடச் சான்று வேண்டும் என்பார்கள். வதிவிடத்தைக் காட்டப் பெயரில் ஒரு மின்பட்டியல் வேண்டும். மின்பட்டியல் பெயரில் வரவேண்டுமானால் வீட்டுக்கான உறுதி வேண்டும். உறுதி கேட்கப் போனால் வதிவிடச் சான்று எங்கே என்று கேட்பார்கள். ஒவ்வொரு மேசையிலும் இருக்கும் உத்தியோகத்தரின் கேள்வி தனியாகப் பார்த்தால் நியாயமானது. நான்கு மேசைகளையும் ஒரே தாளில் வரைந்து அம்புக்குறி போட்டுப் பார்த்தால்தான், அங்கே தொடங்குவதற்கு ஓர் இடமே இல்லை என்பது தெரியவரும்.

மென்பொருளிலும் அப்படித்தான். வட்டத்தை யாரும் வேண்டுமென்று உருவாக்குவதில்லை. ஒவ்வொரு அம்பும் நியாயமானதாக இருக்கும். முழுவதும் சேர்ந்ததுதான் பிழை.

ஒரு தோட்டத்துச் சம்பள மென்பொருள்

பெரிய மென்பொருளை ஒரே கோப்பில் யாரும் எழுதுவதில்லை. வேலை வாரியாகப் பிரித்து, தொடர்புள்ள கோப்புகளை ஒன்றாகக் கட்டிவைப்பார்கள். அந்தக் கட்டுக்குப் பெயர் பொதி. தொழிலில் இருப்பவர்கள் பெக்கேஜ் என்பார்கள். ஒரு பொதிக்கு வேறொரு பொதியின் உதவி தேவைப்பட்டால், கோப்பின் தலைப்பில் அதை இறக்குமதி செய்வதாக ஒரு வரி எழுதப்படும். அந்த வரிதான் சார்பு.

விளக்கத்துக்காக ஒரு தோட்டத்தின் சம்பள மென்பொருளைக் கற்பனை செய்துகொள்வோம். அதில் ஏழு பொதிகள். முதலாவது, திகதிகளைக் கணக்கிடும் ‘திகதி’. இரண்டாவது, செக்ரோலில் உள்ள பெயரும் இலக்கமும் இருக்கும் ‘தொழிலாளர்’. மூன்றாவது, யாருக்கு முழுப் பேர், யாருக்கு அரைப் பேர் என்று குறிக்கும் ‘பேர்’. நான்காவது, கொழுந்து நிறுத்த கணக்கான ‘நிறை’. ஐந்தாவது, தீபாவளி முற்பணம் போன்றவற்றைக் கவனிக்கும் ‘முற்பணம்’. ஆறாவது, மாத முடிவில் எல்லாவற்றையும் கூட்டிக் கழிக்கும் ‘சம்பளம்’. ஏழாவது, தொழிலாளியின் 8 வீதத்தையும் தோட்டத்தின் 12 வீதத்தையும் கணக்கிடும் ‘சேமலாப நிதி’.

தொடக்கத்தில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். சேமலாப நிதி சம்பளத்தைக் கேட்கும். சம்பளம், பேரையும் நிறையையும் முற்பணத்தையும் கேட்கும். அந்த மூன்றும் தொழிலாளரைக் கேட்கும். தொழிலாளர் திகதியைக் கேட்கும். திகதி யாரையும் கேட்காது. நீர் மேலிருந்து கீழே ஓடுகிறது.

ஒரு நாள், ஒருவருடைய கடந்த மாதச் சம்பளத்தைப் பார்த்துத்தான் முற்பணம் கொடுக்கவேண்டும் என்று நிர்வாகம் சொல்கிறது. நியாயமான கோரிக்கை. முற்பணத்தை எழுதுபவர் சம்பளப் பொதியை இறக்குமதி செய்கிறார். இப்போது சம்பளம் முற்பணத்தைக் கேட்கிறது. முற்பணம் சம்பளத்தைக் கேட்கிறது. முதல் வட்டம் விழுந்துவிட்டது.

இன்னொரு நாள், தொழிலாளரின் விபரத்தைத் திரையில் காட்டும்போதே முற்பண மீதியையும் காட்டினால் நல்லது என்று எழுதுவினைஞர் கேட்கிறார். அதுவும் நியாயமானது. தொழிலாளர் பொதி முற்பணத்தை இறக்குமதி செய்கிறது. இப்போது தொழிலாளர் முற்பணத்தையும், முற்பணம் சம்பளத்தையும், சம்பளம் பேரையும், பேர் மறுபடி தொழிலாளரையும் கேட்கின்றன. இரண்டு வரிகள்தான் சேர்க்கப்பட்டன. ஆனால் ஐந்து பொதிகள் ஒரே முடிச்சாகிவிட்டன.

அதனால் என்ன?

மென்பொருள் உடனே நின்றுவிடாது. அதுதான் இதிலுள்ள ஆபத்து. விளைவு பிறகுதான் தெரியும்.

2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. இப்படி ஒரு வர்த்தமானி வரும்போது சம்பளப் பொதியில் விதியை மாற்றவேண்டும். வட்டம் இல்லாத மென்பொருளில் சம்பளத்தையும் அதற்கு மேலே இருக்கும் சேமலாப நிதியையும் மட்டும் மறுபடி பரீட்சித்தால் போதும். கீழே இருப்பவற்றுக்கு அந்த மாற்றம் தெரியவே தெரியாது. வட்டம் உள்ள மென்பொருளில் ஐந்தையும் சேர்த்துப் பரீட்சிக்கவேண்டும். சம்பளம் மாறினால் முற்பணத்தின் எல்லை மாறும்; முற்பணம் மாறினால் கழிவு மாறும்; கழிவு மாறினால் சம்பளம் மாறும். பிழை எங்கே தொடங்கியது என்று தேடுபவர் அதே இடத்துக்குத் திரும்பி வந்துகொண்டிருப்பார். இதற்கிடையில் மாத முடிவு வந்துவிடும். கையில் வரும் சீட்டில் எதற்காக 800 ரூபாய் குறைந்தது என்று கேட்கும் பெண்ணுக்கு, ‘கணினியில் அப்படித்தான் வருகிறது’ என்ற பதில்தான் கிடைக்கும்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கும் இது சுமை. நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில், பயிலுநராக வந்த ஒருவர் ‘எங்கிருந்து வாசிக்கத் தொடங்கவேண்டும்?’ என்று கேட்டார். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. எந்தப் பொதியைத் திறந்தாலும், அதை விளங்கிக்கொள்ள வேறொன்றை முதலில் வாசிக்கவேண்டியிருந்தது. அவர் தனக்குத் திறமை போதவில்லை என்று நினைத்தார். உண்மையில் அந்த மென்பொருளுக்கு வாசலே இருக்கவில்லை.

எல்லா மொழிகளும் ஒன்றல்ல

சில நிரலாக்க மொழிகள் வட்டத்தை அனுமதிப்பதே இல்லை. 2009இல் கூகுள் வெளியிட்ட கோ மொழியில், இரண்டு பொதிகள் ஒன்றையொன்று இறக்குமதி செய்தால் தொகுப்பான் அந்த இடத்திலேயே மறுத்துவிடும். நம் நாட்டிலும் ஓர் உதாரணம் இருக்கிறது. கொழும்பில் வேர்கொண்ட டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம் உருவாக்கிய பாலரீனா மொழியின் 1.0 பதிப்பு 2019இல் வந்தது. அதில் பொதிக்குள் இருக்கும் பகுதிகளுக்கு மொடியூல் என்று பெயர். மொடியூல்களுக்கு இடையில் வட்டம் இருந்தால், எது எதை இறக்குமதி செய்து வட்டம் மூடியது என்ற வரிசையையே காட்டித் தொகுப்பான் நிறுத்திவிடும்.

பைதன் அப்படியல்ல. அது முதலில் ஓடிப் பார்க்கும். பாதி தயாரான ஒரு கோப்பிலிருந்து இன்னும் பிறக்காத ஒன்றைக் கேட்கும்போதுதான் தடுமாறும். வரிகளின் வரிசையைப் பொறுத்து இன்று ஓடும், நாளை ஓடாது. ஜாவாவில் ஒரே திட்டத்துக்குள் இருக்கும் பொதிகள் எத்தனை வட்டம் போட்டாலும் தொகுப்பான் வாய் திறக்காது. ஜாவா மொழியின் சொந்த நூலகமே பல ஆண்டுகளாகப் பின்னிக் கிடந்தது. அதைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்க 2008இல் தொடங்கிய ஜிக்சோ திட்டம், 2017 செப்டெம்பரில் ஜாவா 9 வெளிவந்தபோதுதான் முடிந்தது. அந்தப் புதிய பகுதிகளுக்கு இடையில் வட்டம் தடை செய்யப்பட்டிருக்கிறது.

உயரம் எழுதிப் பார்த்தல்

இனிக் கண்டுபிடிக்கும் வழிக்கு வருவோம். முதலில் ஒரு கருவி எல்லாக் கோப்புகளின் இறக்குமதி வரிகளையும் வாசிக்கும். பொதிக்கு ஒரு புள்ளி, சார்புக்கு ஓர் அம்பு என்று படம் வரையும். பிறகு ஒரே கேள்வி: ரயில் நிலையங்களுக்கு எழுதுவதுபோல ஒவ்வொரு பொதிக்கும் ஓர் உயரம் எழுதமுடியுமா? விதி ஒன்றுதான். எந்தப் பொதியும் தன்னைவிடத் தாழ்ந்த இடத்தில் இருப்பதை மட்டுமே கேட்கலாம்.

ஆர்தர் கான் 1962இல் வெளியிட்ட வழிமுறை இதைத்தான் செய்கிறது. யாரையும் கேட்காத பொதியைத் தேடு. அதற்கு உயரம் 0 என்று எழுதிப் படத்திலிருந்து எடுத்துவிடு. அது போனதும் வேறு சில பொதிகள் யாரையும் கேட்காதவையாக மாறும். அவற்றுக்கு 1 எழுதி எடுத்துவிடு. இப்படியே போனால், வட்டம் இல்லாத படத்தில் எல்லாப் பொதிகளும் தீர்ந்துவிடும். எடுக்க எதுவும் கிடைக்காமல் சில பொதிகள் மிஞ்சினால், அங்கே வட்டம் இருக்கிறது.

நமது மென்பொருளில் திகதியை எடுக்கலாம். அடுத்தது? தொழிலாளர் இப்போது முற்பணத்தைக் கேட்கிறது, எடுக்கமுடியாது. பேரும் நிறையும் தொழிலாளரைக் கேட்கின்றன, எடுக்கமுடியாது. வேலை அங்கேயே நின்றுவிடும். ஆறு பொதிகள் மிஞ்சும்.

ஆனால் வட்டத்தில் இருப்பவை ஐந்துதான். சேமலாப நிதி சம்பளத்தைக் கேட்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. அது முடிச்சுக்குள் இல்லை. முடிச்சுக்கு மேலே மாட்டிக்கொண்டிருக்கிறது. கானின் வழி வட்டம் உண்டா இல்லையா என்று சொல்லும். யார் உள்ளே, யார் வெளியே என்று துல்லியமாகச் சொல்லாது.

அதற்கு ரொபர்ட் டார்ஜன் 1972இல் வெளியிட்ட வழிமுறை உதவுகிறது. அதன் அடிப்படை, காட்டுப் பாதையில் நடப்பவரின் தந்திரம். ஒரு பொதிக்குள் நுழையும்போது ‘நுழைந்தேன்’ என்று குறி போடு. அது கேட்கும் ஒவ்வொன்றுக்குள்ளும் போய்ப் பார். எல்லாம் முடிந்து திரும்பும்போது ‘முடித்தேன்’ என்று குறியை மாற்று. போகும் வழியில் ‘நுழைந்தேன்’ என்று குறி இருந்தும் இன்னும் ‘முடித்தேன்’ ஆகாத ஒன்றைச் சந்தித்தால், நீ சுற்றி வந்துவிட்டாய்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ‘முடித்தேன்’ என்று குறிக்கப்பட்டதை மறுபடி சந்திப்பது வட்டமல்ல. பேரும் நிறையும் இரண்டும் தொழிலாளரைக் கேட்கலாம். ஒரே ஊருக்கு இரண்டு பாதை இருப்பதில் தவறில்லை. இந்த வேறுபாட்டைப் பார்க்காத கருவி தேவையில்லாமல் கூச்சல் போடும்; பிறகு யாரும் அதை நம்பமாட்டார்கள். டார்ஜனின் வழி இன்னும் ஒருபடி மேலே போய், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகவும் திரும்பி வரவும் முடிந்த பொதிகளையெல்லாம் ஒரே கூட்டமாகப் பிரித்துத் தரும். ஒரு கூட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பொதி இருந்தால் அதுதான் முடிச்சு. நமது உதாரணத்தில் ஐந்து பொதிகள் ஒரே கூட்டம். திகதியும் சேமலாப நிதியும் தனித்தனி. படத்தை ஒரு தடவை நடந்து முடித்தாலே விடை வந்துவிடுவதால், ஆயிரக்கணக்கான பொதிகள் இருந்தாலும் அதிக நேரம் எடுக்காது.

கருவிக்குத் தெரியாதவை

இந்த வேலையைச் செய்யத் தயாரான கருவிகள் இருக்கின்றன. ஜாவாவுக்கு ஜேடிபெண்ட், ஆர்க்யூனிட். ஜாவாஸ்கிரிப்டுக்கு மேட்ஜ், டிபென்டன்சி குரூசர். பைதனுக்கு இம்போர்ட் லின்டர். ஆனால் அவற்றைப் பயன்படுத்துபவர் இரண்டு விடயங்களைக் கவனிக்கவேண்டும்.

ஒன்று, கோப்புகளுக்கு இடையில் வட்டம் இல்லாமலே பொதிகளுக்கு இடையில் வட்டம் இருக்கலாம். முற்பணப் பொதியின் ஒரு கோப்பு சம்பளப் பொதியின் ஒரு கோப்பைக் கேட்கிறது. சம்பளப் பொதியின் வேறொரு கோப்பு முற்பணப் பொதியின் வேறொரு கோப்பைக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு கோப்புகளும் சுற்றி வரவில்லை. பொதிகள் சுற்றி வருகின்றன. ஆகவே கருவி எந்த மட்டத்தில் பார்க்கிறது என்று முதலில் கேட்கவேண்டும்.

இரண்டு, இறக்குமதி வரியில் எழுதாத சார்பு கருவிக்குத் தெரியாது. ஒரு பொதி தரவுத்தளத்தில் எழுதுவதை மற்றது வாசித்தால், அதுவும் சார்புதான். ஓடும் சேவைகளுக்கு இடையிலும் இப்படி நடக்கும். 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி பேஸ்புக் உலகம் முழுவதும் சுமார் ஆறு மணித்தியாலம் முடங்கியது. அதைச் சரிசெய்ய உதவும் உள்ளகக் கருவிகள் பலவும் முடங்கிய அதே வலையமைப்பை நம்பியிருந்ததால், பொறியியலாளர்கள் தரவு நிலையங்களுக்கு நேரில் போகவேண்டியிருந்தது.

மின்சாரத்திலும் இதே கதை உண்டு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று மோதியதாகச் சொல்லப்பட்டு நாடு முழுவதும் இருண்டதை நாம் மறக்கவில்லை. நுரைச்சோலை போன்ற அனல்மின் நிலையம் நின்றுவிட்டால், அதை மீண்டும் தொடங்கவே வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். மின்சாரம் தயாரிக்க மின்சாரம் தேவை என்பது சுத்தமான வட்டம். அதனால்தான் வெளி மின்சாரமின்றித் தொடங்கக்கூடிய நீர்மின் நிலையங்களிலிருந்து மீட்பு வேலை ஆரம்பமாகிறது. எங்கோ ஓரிடத்தில் யாரையும் கேட்காமல் நிற்கக்கூடிய ஒன்று வேண்டும். உயரம் 0 என்பதன் பொருள் அதுதான்.

எந்த அம்பை வெட்டுவது?

வட்டத்தைக் கண்டுபிடிப்பது எளிது. மிகக் குறைந்த அம்புகளை வெட்டி எல்லா வட்டங்களையும் நீக்குவது எப்படி என்பது கடினமானது. டார்ஜனின் கட்டுரை வந்த அதே 1972இல், ரிச்சர்ட் கார்ப் மிகக் கடினமான 21 கணக்குகளின் பட்டியலை வெளியிட்டார். இந்தக் கேள்வியும் அதில் ஒன்று. ஆகவே எதை வெட்டுவது என்பதை மனிதர்தான், வேலையின் தன்மையை அறிந்து தீர்மானிக்கவேண்டும்.

நமது உதாரணத்தில் இரண்டு வெட்டுகள் போதும். முற்பணத்துக்கு உண்மையில் தேவை சம்பளம் கணக்கிடும் முறையல்ல. கடந்த மாதத் தொகை என்ற ஓர் எண் மட்டுமே. அந்த எண்களை வைத்திருக்க ‘சம்பளப் பதிவு’ என்று ஒரு சிறு பொதியைக் கீழே உருவாக்கலாம். சம்பளம் அதில் எழுதும். முற்பணம் அதிலிருந்து வாசிக்கும். இரண்டாவது வெட்டு: மீதியைத் திரையில் காட்டுவது தொழிலாளர் பொதியின் வேலையல்ல. ‘திரை’ என்று மேலே ஒரு பொதி வைத்து, அது தொழிலாளரையும் முற்பணத்தையும் தனித்தனியே கேட்டுச் சேர்த்துக் காட்டட்டும். இப்போது உயரம் எழுதிப் பாருங்கள். திகதி 0. தொழிலாளர், சம்பளப் பதிவு 1. பேர், நிறை, முற்பணம் 2. சம்பளம், திரை 3. சேமலாப நிதி 4. எவருடைய கோரிக்கையும் நிராகரிக்கப்படவில்லை, வட்டம் போய்விட்டது.

சில வேளைகளில் இரண்டு பொதிகள் உண்மையிலேயே பிரிக்கமுடியாதவை. அப்போது அவற்றை ஒன்றாக்கிவிடுவதே நேர்மை. செய்யக்கூடாதது ஒன்று இருக்கிறது: இறக்குமதி வரியைக் கோப்பின் தலைப்பிலிருந்து எடுத்து உள்ளே ஒரு மூலையில் ஒளித்து வைப்பது. பிழைச் செய்தி மறையும். வட்டம் அப்படியே இருக்கும்.

எங்கே தொடங்குவது?

பழைய மென்பொருளில் முதல் தடவை கருவியை ஓட்டினால் நூறு வட்டங்கள் வரலாம். அதைப் பார்த்துப் பயந்து கருவியை மூடிவிடுபவர்களே அதிகம். அதற்குப் பதிலாக, இன்றிருக்கும் வட்டங்களை ஒரு பட்டியலாக எழுதிவையுங்கள். யாராவது புதிய மாற்றத்தைச் சேர்க்கும் ஒவ்வொரு தடவையும் கருவி தானாக ஓடட்டும். பட்டியலில் இருப்பது இருக்கட்டும். புதிதாக ஒன்று வந்தால் மட்டும் மாற்றத்தை நிறுத்தட்டும். பிறகு வேறு காரணத்துக்காக ஒரு பொதியைத் தொடும்போதெல்லாம் அதிலுள்ள ஒரு வட்டத்தை அவிழ்த்துப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். எண்ணிக்கை குறையலாம், கூடக்கூடாது.

இதை இயந்திரத்திடம் விடுவதற்குக் காரணம் இருக்கிறது. வட்டத்தை மூடும் கடைசி வரியை எழுதுபவருக்கு, அந்த வரி மட்டுமே கண்ணில் படும். மற்ற நான்கு வரிகளை வேறு நால்வர் வேறு ஆண்டுகளில் எழுதியிருப்பார்கள். அவரைக் குற்றம் சொல்வதில் பயனில்லை. முழுப் படத்தையும் ஒவ்வொரு தடவையும் சலிக்காமல் பார்க்க ஏதாவது ஒன்று வேண்டும். அதைச் செய்யும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கல்லூரியில் குழுச் செயற்றிட்டம் செய்யும் பிள்ளைகள், மூன்று பொதிகள் இருக்கும்போதே அதை இணைத்துக்கொள்ளலாம். முப்பது பொதிகள் ஆனபின் இணைப்பதைவிட அது மிக எளிது.